அத்தை வீட்டுக்குப் போன வெயில்

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் அப்பாவின் காதில் விழும்படி ‘வெயில்’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. புழுக்கம் என்று சொல்லலாம். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று ஃபேனைக் குறை சொல்லலாம். கரண்டைத் திட்டலாம். வெயில் என்ற சொல் மட்டும் வாயில் வந்துவிட்டால் போதும், அப்பா படித்துக்கொண்டிருக்கும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தோளில் கிடக்கும் துண்டால் கழுத்தையும் முதுகையும் துடைத்துக்கொண்டே, “நம்ம வீட்டுக்கு என்ன குறைச்சல்? மேல் மாடி. காத்து சும்மா பிச்சிக்கிட்டு வருது” என்பார். துடைத்த துண்டைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும்.

அப்பாவுக்கு வெயில் மேல் கோபம் இல்லை. அவர் செய்த ஒரு நல்ல காரியத்தை வெயில் வருடா வருடம் கெட்ட காரியமாக்கிக் காட்டியதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அப்பாவுக்கு ஆவடியில் இருக்கும் ராணுவத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. நான் பிறந்தது அங்கே குவார்ட்டர்ஸில்தான். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவும் அத்தையும் சேர்ந்து காட்டுப்பாக்கத்தில் ஆளுக்கொரு ஃப்ளாட் வாங்கினார்கள். அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பட்டணத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்த ஏற்பாடு. இரண்டு பிளாக்குகள் எதிரும் புதிருமாக நிற்கும், நடுவில் வண்டிகள் நிறுத்தும் இடம். அப்போது காலியாக இருந்தவை இரண்டே வீடுகள். ஒன்று, அந்தப் பக்கத்துப் பிளாக்கில் முதல் மாடி, கிழக்குப் பார்த்தது. இன்னொன்று, இந்தப் பக்கத்துப் பிளாக்கில் மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்தது, மேலே மொட்டை மாடி. அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கிழக்குப் பார்த்ததைத் தங்கைக்கு என்று சொல்லிவிட்டார். தங்கைக்கு அண்ணன் பார்த்துச் செய்கிற சீர் மாதிரி அது. அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு “சரிங்க” என்றாள்.

அந்த ‘சரிங்க’ என்ன பொருளில் சொல்லப்பட்டது என்பது அப்பாவுக்கு முதல் கோடையில் புரிந்தது. புரிந்ததும் வெயிலுக்குத் தடை போட்டுவிட்டார்.

மத்தியானம் ஒன்றரை மணி வாக்கில் எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வந்து நின்று வெயில் எங்கள் ஹாலை எட்டிப் பார்க்கும். இரண்டு மணிக்கு உள்ளே வந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்து குதிக்க வேண்டும். குழாயைத் திறந்தால் அப்படியே டீ போடலாம் என்பது போலத் தண்ணீர் வரும். ஒரு வருடம், கரண்ட் போனால் ஏற்றுவதற்காக ஜன்னல் ஓரம் வைத்திருந்த மெழுகுவத்தி இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டுக்கொண்டு நின்றது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, மெழுகிலேயும் கலப்படம் வந்துவிட்டது என்றார்.

ஆகவே, சாப்பிட்டுப் பாத்திரம் கழுவியதும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குக் கிளம்புவாள். சாயங்காலம் வெயில் இறங்கின பிறகுதான் திரும்புவோம். கோடை முழுக்க இதுதான் வழக்கம். அம்மா வெறுங்கையோடு போகமாட்டாள். மறுநாள் சமையலுக்கான பீன்ஸையும் அரிவாள்மணையையும் ஒரு கூடையில் எடுத்துக்கொள்வாள். சில நாள் ஒரு கிண்ணத்தில் கூட்டோ பொரியலோ மூடியோடு வரும். நாங்கள் வேறு வழியில்லாமல் போகிறவர்கள் இல்லை, ஏதோ ஜோலியாகத்தான் போகிறோம் என்று கீழே உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் நினைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு.

அத்தை கதவைத் திறந்து வைத்துக்கொண்டே இருப்பாள். எங்களைப் பார்த்ததும் தினமும் ஒரே கேள்வி.

“வாங்க மதினி. வெயில் ஜாஸ்தியோ?”

அம்மா குனிந்து செருப்பைக் கழற்றுவாள். திரும்பி வரும்போது மாடிப்படியில் என்னிடம் சொல்வாள்: “கேட்டாளா, பாத்தியா? வெயில் ஜாஸ்தியோவாம். ஒண்ணும் தெரியாதவ மாதிரி.” சொந்த வீடு வாங்கியும் பாதி நாள் இன்னொருத்தி வீட்டில் போய் உட்கார வேண்டியிருக்கிறதே என்பதுதான் அம்மாவின் மனக்குறை. கதவைப் பூட்டும்போதெல்லாம் அதைப் பூட்டிடம் சொல்லிவிட்டுத்தான் சாவியை எடுப்பாள்.

ஆனால் எனக்கு அத்தை வீடு சொர்க்கம். காலை வெயில் ஏழு மணிக்கு வந்து ஒன்பது மணிக்கெல்லாம் மரியாதையாகப் போய்விடும். மத்தியானத்தில் தரை சில்லென்று இருக்கும். அத்தை நன்னாரி சர்பத் கலந்து வைத்திருப்பாள். அவளுடைய பையன் நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் ஒன் முடித்திருந்தான். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் லீவு விட்டிருக்க, அவனை மட்டும் பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸ் என்று அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். மாமா ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு விடிவதற்கு முன்னால் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். அதனால் சர்பத்துக்குப் போட்டி கிடையாது. நான் அதை ஒரு வசதியாக மட்டும்தான் பார்த்தேன்.

அம்மாவும் அத்தையும் தாயம் ஆடுவார்கள். ஹால் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டிருக்கும். அம்மாவுக்கு உடைந்த வளையல் துண்டுகள், அத்தைக்குப் புளியங்கொட்டைகள். இரண்டு பேருக்கும் வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதை நான் பார்த்ததில்லை. சாம்பாரில் வெல்லம் போடுவது, சேலைக்குக் கஞ்சி போடுவது, அப்பாவின் குணம், எல்லாவற்றிலும் எதிரெதிர். தாயத்தில் கேட்கவே வேண்டாம். “அது சாஞ்சு விழுந்துச்சு, செல்லாது” என்பாள் அத்தை. “ஒனக்கு விழுந்தா நேரு, எனக்கு விழுந்தா சாய்வா?” என்பாள் அம்மா. தன் காயை வெட்டக் கொடுத்துவிட்டால் அத்தைக்கு அன்று முழுக்க முகம் சரியாக இருக்காது. சண்டையோடு எழுந்து வருவோம். மறுநாள் இரண்டு மணிக்கு வெயில் வந்துவிடும், நாங்களும் போய்விடுவோம்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் இதற்கெல்லாம் ஒரு முடிவு வந்தது. அப்பா ஸ்கூட்டருக்கு சீட் கவர் மாற்ற சென்னீர்குப்பத்தில் ஹைவே ஓரம் இருக்கும் ஒரு கடைக்குப் போனார். கார்களுக்கு அலங்காரம் செய்கிற கடை. கார் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று தடை வந்திருந்த சமயம். கடைக்கார அண்ணனிடம் சுருள் சுருளாக ஃபிலிம் தேங்கிக் கிடந்தது. அவர் அப்பாவை விடவில்லை.

“கார்ல தான் சார் ஒட்டக் கூடாதுன்ட்டாங்கோ. ஊட்ல ஒட்டிக்கலாம். ஊட்டாண்ட எந்த போலீஸு வந்து நிக்கப்போறாரு?”

வெயிலே இல்லாத வீட்டுக்கு வெயில் தடுக்கிற ஃபிலிம் எதற்கு? அப்பா வழியெல்லாம் யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார். இரவுச் சாப்பாட்டின்போது பொதுவாகச் சொன்னார்: “கர்ட்டனெல்லாம் கலர் போகுது. ஜன்னல் கண்ணாடிக்கு ஒரு ஃபிலிம் ஒட்டிரலாம்.”

அம்மா தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். “ஆமா. கர்ட்டன் பாவம்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபிலிம் அண்ணன் வந்தார். தோளில் ஒரு சுருள், கையில் பக்கெட். உள்ளே ஒரு கால் வைத்தவர் மறு காலை வைக்காமல் நின்றார்.

“இன்னா சார் இது! ஊடு பேக்கரி அடுப்பு மாறி கீது!”

“கர்ட்டன் கலர் போகுதேன்னுதான்...” என்றார் அப்பா.

“கர்ட்டன் இன்னா சார், வெயில்ல நீங்களே கலர் பூடுவீங்கோ.”

தடை செய்யப்பட்ட சொல் எங்கள் ஹாலின் நடுவில் சத்தமாகச் சொல்லப்பட்டுவிட்டது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து அவள் சிரிப்பை இருமலாக மாற்றுகிற சத்தம் கேட்டது.

எங்களுடையது மர ஜன்னல்கள். வெளிப்பக்கம் திறக்கிற கதவுகள், ஒவ்வொன்றிலும் கண்ணாடி. அண்ணன் கண்ணாடிக்கு சோப்புத் தண்ணீர் அடித்தார். ஃபிலிமின் முதுகிலிருந்த மெல்லிய தாளை உரித்து என் தலையில் போட்டார். நான் அதைப் போர்த்திக்கொண்டு வீடெல்லாம் சுற்றினேன். ஈரக் கண்ணாடியில் ஃபிலிமை வைத்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளத் தள்ளத் தண்ணீர் வழிந்து இறங்கியது. பிளேடால் ஓரத்தை ஒரே இழுப்பில் அறுத்தார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால் பளபளவென்று முகம் பார்க்கும் கண்ணாடி, உள்ளேயிருந்து பார்த்தால் மழை வரப்போகிற மாதிரி ஒரு நிறம்.

அப்பா டார்ச் லைட்டோடு பின்னாலேயே வந்தார். எங்கெல்லாம் நீர்க்குமிழி தெரிந்ததோ அங்கெல்லாம் என்னுடைய சாக்பீஸால் வட்டம் போட்டார். தொழிற்சாலையில் அவருக்கு அதுதான் வேலை. சிறிது நேரத்தில் ஜன்னல் முழுக்க வட்டம்.

“சார், இது இன்னா பீரங்கி வண்டியா? ஜன்னல் சார். ரெண்டு நாள்ல தானா காஞ்சிபூடும்.”

“குறைன்னா குறைதான்” என்றார் அப்பா.

அண்ணன் அம்மாவிடம் ஊசி வாங்கி ஒவ்வொரு குமிழியையும் குத்தினார். அப்பா ஒவ்வொன்றாக வட்டத்தை அழித்தார். கடைசியில் ஒரு துண்டு ஃபிலிம் மிஞ்சியது. மிஞ்சியதை வீணாக்குவது எங்கள் குடும்பத்தில் கிடையாது. பொது நடையைப் பார்த்த சமையலறை ஜன்னலுக்கு அதை ஒட்டச் சொன்னார் அப்பா. அங்கே வெயில் எட்டிக்கூடப் பார்க்காது.

மறுநாள் மத்தியானத்தை நான் மறக்கமாட்டேன். இரண்டு மணிக்கு வெயில் வந்தது, ஜன்னலில் முட்டியது, உள்ளே வர வழி தெரியாமல் வெளியே நின்றது. ஹால் மங்கலாக, குளிர்ச்சியாக இருந்தது. அம்மா பாயை விரித்துத் தன் வீட்டு ஹாலின் நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே, கையையும் காலையும் பரப்பிக்கொண்டு படுத்தாள். “நம்ம வீடுடி” என்றாள். அதை முதன்முதலாக அன்றுதான் வாங்கியது மாதிரி சொன்னாள். நானும் அவள் பக்கத்தில் போய் உருண்டேன். சாயங்காலம் அப்பா வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். “கர்ட்டனுக்கு ரொம்ப நல்லது” என்றார்.

சமையலறை ஜன்னலும் சும்மா இருக்கவில்லை. ஃப்ளாட் சங்கத்தின் செக்ரெட்டரி எங்கள் மாடியில்தான் இருந்தார். அவர் நடைவழியில் போகும்போது பளபளக்கும் ஜன்னலைப் பார்த்து நின்றார். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். சீப்பை எடுத்துத் தலை வாரினார். மீசையில் ஒரு வெள்ளை முடியைத் தேடிப் பிடித்தார். பிறகு வாயை நன்றாகத் திறந்து கடைவாய்ப் பல்லை ஆராய்ந்தார். உள்ளே ஒரு முழம் தூரத்தில் அம்மா வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றிருந்தாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் டம்ளரைத் தட்டிவிட்டேன். மனிதர் வாயை மூடிக்கொண்டு ஓடிப்போனார். அதன் பிறகு பராமரிப்பு விஷயமாக எங்கள் வீட்டுக்கு வரவே அவர் யோசித்தார்.

நாங்கள் அந்த வாரம் அத்தை வீட்டுக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று யாரும் முடிவு செய்யவில்லை. போக வேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான். அத்தை ஒரு நாள் போன் செய்து, என்ன மதினி ஆளையே காணும் என்று கேட்டாள். அம்மா ஃபிலிமின் நிறம், பளபளப்பு, குளிர்ச்சி எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். நீயும் இங்கே வாயேன் என்று அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. நீங்க வாங்க என்று அத்தையும் சொல்லவில்லை. அழைத்துப் பழக்கம் இரண்டு பேருக்குமே கிடையாது. அதுவரை அந்த வேலையை வெயில்தான் செய்துகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து நாலு மணிக்குக் கீழேயிருந்து ஒரு கூப்பாடு கேட்டது. அத்தை தன் பால்கனியில் நின்று, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, எங்கள் மாடியைப் பார்த்து சத்தம் போட்டாள்.

“மதினி! ஒங்க வீட்டு வெயிலு எங்க வீட்டுக்கு வந்துட்டு!”

இரண்டு பிளாக்கிலும் தலைகள் எட்டிப் பார்த்தன. உண்மைதான். எங்கள் ஜன்னல் உள்ளே விடாத வெயில் அப்படியே திரும்பி எதிர் பிளாக்குக்குப் போயிருக்கிறது. மூன்று மணிக்குக் கீழே நிற்கும் வண்டிகள் மேல் சதுரம் சதுரமாக விழும். பிறகு சுவரில் ஏறும். நாலு மணிக்கு அத்தை வீட்டுப் பால்கனியைத் தாண்டி ஹாலுக்குள் போய், டிவி மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

“வெயில்ல என்ன, எங்க வீட்டு வெயிலு ஒங்க வீட்டு வெயிலு?” என்று அம்மா மேலேயிருந்து பதில் கொடுத்தாள். உள்ளே வந்து என்னிடம், “நான் ஒரு வாரம் நிம்மதியா இருந்தா அவளுக்குப் பொறுக்காதே” என்றாள். அதற்குப் பிறகு போனும் நின்றது. கீழே காய்கறி வண்டிக்காரரிடம் எதிர்ப்பட்டால் அம்மா தக்காளியைப் பார்ப்பாள், அத்தை கத்திரிக்காயைப் பார்ப்பாள்.

அப்பாவின் நிலைமைதான் பரிதாபம். தங்கைக்குப் பார்த்துப் பார்த்துக் கொடுத்த கிழக்குப் பார்த்த வீட்டுக்கு, மேற்கு வெயிலையும் அவரே அனுப்பி வைத்துவிட்டார். அவர் இதை ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, ஜன்னல் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வெயிலை வேறு எங்காவது அனுப்பிவிடலாம் என்று திட்டம் போட்டார். என்னை அம்மாவின் செல்போனோடு அத்தை வீட்டுக்கு அனுப்பினார். வெயில் எங்கே போகிறது என்று நான் சொல்ல வேண்டும்.

“இப்ப எங்க இருக்கு?” என்றார் போனில்.

“டிவி மேலப்பா.”

அங்கே கதவு அசைந்தது. வெயில் டிவியை விட்டு ஷோகேஸ் பொம்மைகள் மேல் போனது. இன்னும் அசைந்தது. சுவரைத் தாண்டி வெளியே போய், பக்கத்து வீட்டுப் பால்கனியில் தூங்கிக்கொண்டிருந்த தாத்தாவின் முகத்தில் விழுந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து யாரையோ திட்டினார். “வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பா!” என்று நான் கத்தினேன். கடைசியில் அப்பா கதவுகளை முழுக்கத் திறந்து கொக்கியை மாட்டினார். வெயில் காணாமல் போனது.

“போயிருச்சுப்பா!”

போனில் அப்பாவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: “இங்க வந்துருச்சு!”

வெயில் இருப்பது ஒன்றுதான். அது இரண்டு வீட்டில் ஒன்றுக்குப் போயே தீரும். அப்பா வேறு கோணம் இருக்கிறதா என்று மேலே யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அத்தை வீட்டுப் பால்கனிக் கதவில் தடிமனான பச்சை நிற ஸ்க்ரீன் ஓரமாக ஒதுங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

“அத்தை, ஸ்க்ரீனை இழுத்து விட்டா வெயில் வராதுல்ல?”

“ஆமா, இழுத்து விட்டா இருட்டிக்கிட்டுல்லா கெடக்கும்” என்றாள் அத்தை. உடனே, “நீ சாப்ட்டியா? அம்மா என்ன கொழம்பு வச்சா? மத்தியானம் படுத்துத் தூங்குதாளா?” என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே சர்பத் கலக்கப் போனாள். நான் தரையில் உட்கார்ந்தேன். தாயக்கட்டம் அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. வளையல் துண்டுகளும் புளியங்கொட்டைகளும் போன வாரம் நின்ற இடத்தில் இல்லை.

“யாரு அத்தை ஆடினாங்க?”

“நாந்தான். ஒங்கம்மாவுக்கும் நானே போட்டுக்கிடுதேன்.” கிளாஸை என்னிடம் நீட்டினாள். “ஒங்கம்மாதான் ஜெயிக்கா. எனக்குத் தாயமே விழ மாட்டேங்கு.”

நான் சர்பத்தைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய், பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். ஸ்க்ரீன் இருக்கிறது, இழுத்து விடவில்லை என்றதும் அப்பா, “பிடிவாதம். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்” என்றார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் தாயக்கட்டத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் மடிப்பதை நிறுத்தினாள்.

“என் காயி ஜெயிக்குதாமா?”

“ஆமா. அத்தையோட காய நிறைய வெட்டியிருக்கீங்க.”

“அவ காய அவளே வெட்டுதாளா?” என்றாள் அம்மா. மடித்த துணியை எடுத்து மறுபடியும் பிரித்து மடித்தாள். அன்று இரவு அப்பா இரண்டு முறை உப்பு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் அம்மா ஹாலுக்கு வந்து, ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாக முழுக்கத் திறந்து கொக்கி மாட்டினாள். வெயில் பழைய உரிமையோடு உள்ளே வந்து ஹால் முழுக்கப் படுத்தது. நாற்காலி சுட ஆரம்பித்தது. அம்மா நெற்றியில் வேர்க்கிற வரை அங்கேயே நின்றாள்.

“ஒங்கப்பா வாங்குன ஃபிலிமு ஒண்ணத்துக்கும் ஆகாது. பாத்தியா, எப்படி வேகுதுன்னு?”

“ஜன்னலத் தொறந்தா வெயில் வரும்ல அம்மா?”

“காத்து வேண்டாமா?”

“ஃபேன்தான்...”

“வாய மூடிட்டுப் பீன்ஸ எடு.”

நாங்கள் போனபோது அத்தை வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அத்தை அம்மாவைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஈரத்துணியைக் கொண்டுவந்து தரையிலிருந்த கட்டத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டாள். அரை மணி நேரத்தில் இரண்டு பேரும், விழுந்தது நேரா சாய்வா என்று தெருவுக்குக் கேட்கும்படி சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். டிவி மேல் அன்று வெயில் வரவில்லை. அதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். சுவரில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். ஃபிலிம் வேலை செய்யவில்லை என்று அம்மா சொன்னாள். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருப்பவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. வாங்கிய பொருள் வேலை செய்யவில்லை என்றால் கொடுத்தவனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவதுதான் அவருக்குத் தெரிந்த தர்மம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஃபிலிம் அண்ணனை வரவழைத்துவிட்டார். கண் கூசுகிறது என்ற புகாரையும் சேர்த்துப் பேசிவிடலாம் என்று அத்தையையும் வரச் சொன்னார். லிஃப்ட் இல்லாத மாடிப்படியை அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள்.

அண்ணன் ஹாலுக்குள் வந்தார். விரியத் திறந்திருந்த ஜன்னல்களைப் பார்த்தார். எல்லாக் கதவுகளையும் இழுத்து மூடினார். ஃபேனைப் போட்டார். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து காத்திருந்தோம். அம்மா மோர் கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஹால் மங்கி, குளிர்ந்து, அடங்கியது. சுவர்கூட ஆறிவிட்டது. அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இன்னாம்மா இது? தொறந்து வெச்சிகினு வெயில் வர்துன்னா நா இன்னா பண்றது? கொடைய மட்ச்சி கைல வெச்சிகினு, மழைல நனையறேன்ற மாறி கீது. எம் ஃபிலிமு மேல இன்னாம்மா தப்பு?”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். எதிலும் மாட்டிக்கொள்ளாத அம்மா அன்று மாட்டிக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. ஜன்னலை மூடிவிட்டால் வீடு குளிர்ந்துவிடும் என்பது எல்லோர் கண் முன்னாலும் நிரூபணம் ஆகிவிட்டது. அப்படியானால் நாளையிலிருந்து இரண்டு மணிக்கு எங்கே போவது, என்ன சொல்லிக்கொண்டு போவது? அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். அத்தையும் திரும்பினாள். ஃபிலிமுக்கு அந்தப் பக்கம், கீழே, அத்தை வீட்டு டிவி மேல் வெயில் சதுரமாக உட்கார்ந்திருந்தது. அதைச் சொல்லத்தானே அத்தை மாடி ஏறி வந்தாள்.

அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையை எடுத்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தாள்.

“யப்பா! என்னா வேக்காடு! எப்படித்தான் இருக்கியளோ மதினி!”

“வேகுதா? எங்க வேகுது?” என்றார் அப்பா. “குளுகுளுன்னுல்ல இருக்கு!”

வருடக்கணக்காக அவர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம்தான். அது முதல் தடவையாக உண்மையான நாளில் அதை நம்ப அங்கே ஆள் இல்லை.

“பகல்ல வீட்டுல இருக்காத ஆம்பளைக்கு என்னண்ணே தெரியும்?” என்றாள் அத்தை. “நீங்க சொல்லுங்க மதினி.”

அம்மா அத்தையைப் பார்த்தாள். பிறகு அவளும் முந்தானையை எடுத்தாள். “தாங்க முடியலம்மா” என்று விசிறிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. வெயிலால் என்றுதான் நான் நினைத்தேன்.

அண்ணன் அப்பாவைப் பார்த்தார். “சார், நா கெளம்பறேன். இது ஃபிலிம் மேட்டரே இல்ல” என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விசித்திரமான சட்டம் வந்தது. வெயில் இல்லாத காலையில் ஜன்னல்களை மூடி வைப்போம். வெயில் வரும் நேரம் பார்த்துத் திறந்து வைத்துவிட்டு அத்தை வீட்டுக்குப் போவோம். அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. கர்ட்டன் சுத்தமாகக் கலர் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஃபேனுக்குக் கீழே அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். “எனக்கு வேர்க்கவே இல்லையே” என்று சொன்னேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்கள். எதிலுமே ஒத்துப்போகாதவர்கள், ஒரு சொட்டு வேர்வை இல்லாத முகத்தை இப்படி மாய்ந்து மாய்ந்து விசிறிக்கொள்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெரியவளானால் எனக்கும் அப்படித்தான் வேர்க்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.